ஐஸ் வாங்கப் போன வெள்ளிக்கிழமை

பஸ்ஸிலிருந்து விழுந்ததில் என் வலது கால் முறிந்தது. கோணலாகவே கூடிவிட்டது. அதற்குப் பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் ஏறி இறங்கிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் நின்று செய்கிற வேலைதான். "நடந்து காட்டு" என்பார்கள். நடந்தால், "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள்.

ஒரு ஷெட்டில் மட்டும் ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்தேன்.

பிஸ்கட் அளவில் வெள்ளையாக ஒரு வில்லை. அதில் இரண்டு ஒயர். ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும் பட்டால் கரண்டு வரும். வடக்கே மலையில் பூமிக்குள்ளிருந்து வெந்நீர் ஊறுகிறதாம். கொதிக்காது. கையை வைத்தால் இழுத்துக்கொள்கிற சூடு. அதை ஒரு குழாயிலும், பக்கத்து ஆற்றுத் தண்ணீரை இன்னொரு குழாயிலும் விட்டு லைட் எரிக்க வேண்டும். அதற்கான பெட்டியைத்தான் செய்தோம். வில்லைக்கு இரண்டு பக்கமும் பசை தடவி, அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் வைத்து முறுக்குவது என் வேலை. பசை தடித்தால் சூடு ஏறாது. அதிகம் முறுக்கினால் வில்லை உடையும்.

என் வீட்டுக்காரர் சிரிப்பார். "பூமில கீற வெந்நீர்ல கரண்டு எடுக்கறியா? மொதல்ல ஊட்ல குளிக்க வெந்நீர் வையி."

ஷெட்டில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. வெந்நீருக்கு ஹீட்டர் போட்ட டிரம். குளிர்ந்த தண்ணீருக்குக் கூரைமேல் இருந்த கறுப்பு டேங்க். காலையில் வந்ததும் திறந்துவிட்டால் லைட் எரியும்.

பெட்டியை வாங்குகிறவர்கள் பார்க்க வருவதாக ஏற்பாடு. "எரிஞ்சா எல்லாரும் இருங்க. எரியலேன்னா எல்லாரும் ஊட்டுக்குப் போங்க" என்றார் முதலாளி. கத்திரி வெயில். வெள்ளிக்கிழமை.

காலையிலேயே வரவேண்டியவர்கள் பாடி சிக்னலில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தார்கள். அதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டது.

இஞ்சினியர் ஆவடி குவார்ட்டர்ஸ் பையன். மெதுவாகச் சொன்னான்: "சார், இப்பவே போட்டுருவோம். வெயில் ஏறுனா டேங்க் தண்ணியும் சுடும்."

"ராகு காலத்துல சுச்சி போடச் சொல்றியே, நீ இன்னா படிச்ச?" என்றார் முதலாளி. வந்தவர்களுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார்.

உச்சி வெயிலில் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, சுவிட்சைப் போட்டார். லைட் எரியவில்லை. குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். அதுவும் சுட்டது.

வந்தவர்களில் ஒருவர் கேட்டார்: "என்ன ஆச்சு?"

முதலாளி இஞ்சினியரைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"வில்லை ஒட்டனது இவதான் சார். நொண்டியாச்சேன்னு பாவம் பாத்து வேலை குடுத்தேன். கவுத்துட்டா. ஆளை மாத்திடறேன்."

அவர்கள் என் காலைப் பார்த்தார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை. இஞ்சினியர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன். என் குழம்பை ஊற்றிக்கொள்வான். அவன் குனிந்து ஒயரைத் திருகிக்கொண்டிருந்தான்.

கார் போனதும் முதலாளி சொன்னார்: "மீன்கடைல ஐஸ் வாங்கினு வா."

"அக்கா நடக்க மாட்டாங்க, நான் போறேன் சார்" என்றாள் கூட வேலை செய்கிறவள். ஆவடிக்குப் பக்கத்துக் கோவில்பதாகைக்காரி.

"நீ குந்து. கெடுத்தவ போவட்டும்."

போனேன். சாக்கில் ஐஸ். இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தேன். மீன் நாற்றத் தண்ணீர் புடவையெல்லாம் ஒழுகியது. தார் செருப்பில் ஒட்டி இழுத்தது. காலை எடுத்து எடுத்து வைத்தேன்.

இஞ்சினியர் ஐஸை ஒரு தண்ணீர் டப்பில் கொட்டி, டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு அந்தத் தண்ணீரைப் பெட்டிக்குள் விட்டான். கொஞ்ச நேரத்தில் லைட் எரிந்தது. நன்றாக எரிந்தது.

கோவில்பதாகைக்காரி கை தட்டினாள். "அக்கா ஒட்டனது நல்லாத்தான் கீது சார்!"

முதலாளி போனை எடுத்தார். "ஏய், நீ தள்ளு. வீடியோல உன் காலு வுழுது." தள்ளி நின்றேன். அவர் வீடியோ எடுத்துக்கொண்டே பேசினார்: "சார், ஆளை மாத்திட்டேன். இப்ப பாருங்க, சூப்பரா எரியுது."

அனுப்பி முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன்: "சார், நாளைக்கு வரட்டுமா?"

"இன்னாமா நீ? மாத்திட்டேன்னு இப்பதான சொன்னேன்? அவங்க மறுபடி வரும்போது நீ இங்க குந்திகினு இருந்தா நான் பொய்யன் ஆயிடமாட்டேன்?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லைட் எரிந்த சந்தோஷம்.

இஞ்சினியர் கை கழுவிக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழுவினான்.

சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரர் புடவையை மோந்து பார்த்துவிட்டு, "மீன் வாங்கினு வந்தியா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

போன மாதம் கோவில்பதாகைக்காரி போன் செய்தாள்.

"ஆர்டர் வந்துருச்சுக்கா. உன் ஸ்டூல்ல மொதலாளி மச்சினிச்சி குந்திகினு கீறா. ரெண்டு காலும் கல்லு மாரி கீது அவளுக்கு. ஒரு வில்லைய ஒழுங்கா முறுக்கத் தெரில, ஒடச்சிகினே கீறா."

"உன்னை ஒண்ணும் சொல்லலியே?"

"என்னை இன்னா சொல்லுவாங்க, நான் வாயே தொறக்கறதில்ல. நீ இன்னாக்கா பண்ற?"

வெள்ளானூர் தாண்டி ஒரு குடோனில் அட்டைப்பெட்டி மடிக்கிறேன். அப்போதும் மடித்துக்கொண்டிருந்தேன்.

"நின்னுகினு கீறேன்" என்றேன்.