பிரசிடண்டு போட்ட உத்தரவு

எனக்கு அறுபத்திரண்டு வயது. வளர்த்தது நாலு பிள்ளைகள், பெற்றது மூன்று. பெறாததையும் வளர்க்கலாம் என்பதை என் அத்தையிடம்தான் கற்றுக்கொண்டேன். அவள் என்னை அப்படித்தான் வளர்த்தாள். எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. கையெழுத்துப் போடுவேன், பஸ் நம்பர் பார்ப்பேன், கோயில் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். அதனால் இந்த பாசிர் ரிஸ் வீட்டு ஹாலில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல, என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சையெல்லாம் திருத்தி எழுத்துத் தமிழாக்கிவிடுகிறாள். செய்யட்டும். ஆட்கள் பேசியதை மட்டும் பேசியபடியே எழுது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பள்ளியில் அவளுக்குப் பிரசிடண்டைப் பற்றிப் பாடம் நடத்தினார்களாம். இப்போது நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம், நாட்டின் பழைய சேமிப்பில் அரசாங்கம் கை வைக்க வேண்டுமென்றால் அவரும் சம்மதிக்க வேண்டும், மற்றபடி பெரும்பாலும் மந்திரிசபை சொல்வதைத்தான் அவர் செய்வார் என்று எனக்கு விளக்கினாள். உங்கள் காலத்தில் அவருக்கு அந்தச் சம்மதம் சொல்லும் அதிகாரம்கூட இல்லை பாட்டி, படத்தில் இருப்பார், அவ்வளவுதான் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் அவர் ஒரு உத்தரவு போட்டார். அத்தை கண்ணை மூடும்வரை அதை யாரும் மீறவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது, எனக்கு எட்டு வயது. தமிழர் பேட்டையான தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில் இரண்டு குடும்பமும் ஒன்றாக இருந்தோம். பெரியப்பா குடும்பம், எங்கள் குடும்பம், நடுவில் அத்தை. அத்தை அப்பாவுக்கு அக்கா, பெரியப்பாவுக்குத் தங்கை. கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் புருசன் இறந்துவிட்டார். குழந்தை இல்லை. என் தம்பி பிறந்தபோது அம்மா படுக்கையில் விழுந்தாள். அன்றைக்கு என்னைத் தூக்கிக்கொண்ட அத்தை அப்புறம் இறக்கிவிடவே இல்லை.

கீழே ஒரு மிளகாய் மில். அத்தைக்கு அங்கே காய்ந்த மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிற வேலை; மிச்ச மூட்டையை மாடிக்கும் கொண்டுவந்துவிடுவாள். எத்தனை முறை கழுவினாலும் உள்ளங்கையிலிருந்து அந்தக் காரம் போகாது. அதனால் அவள் என் முகத்தைக் கையால் தொட்டதே கிடையாது. தலை வாரிவிடும்போது கன்னத்தில் வந்து விழும் முடியை மணிக்கட்டின் பின்பக்கத்தால்தான் ஒதுக்குவாள். மூக்கைச் சிந்திவிடுவதென்றால் முந்தானை. அன்பு என்றால் மணிக்கட்டால் தடவுவது என்றே நான் நினைத்திருந்தேன்.

பெரியப்பாவுக்குப் பிரசிடண்டின் மாளிகையான இஸ்தானாவில் தோட்ட வேலை. புல் வெட்டுவார், செடிக்கு மண் மாற்றுவார். ஆனால் யாராவது எங்கே வேலை என்று கேட்டால், நானும் பிரசிடண்டும் ஒரே இடத்தில்தான் என்பார். சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கெல்லாம் பிரசிடண்டின் பெருமையைச் சொல்லுவார். சட்டமெல்லாம் அவர் பெயரில்தான் வருகிறது, அவர் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் செல்லாது, தூக்கு என்று தீர்ப்பானவனைக்கூட அவர் மன்னிக்கலாம். அப்பா தினமும் தமிழ்ப் பேப்பர் படிக்கிற ஆள். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, அதெல்லாம் மந்திரிசபை சொன்னாத்தான் செய்வாரு. அவரா ஒண்ணும் செய்ய முடியாது."

"தெரியும்டா. சொல்றது யாரா வேணா இருக்கட்டும். கையெழுத்து யாரோடது?"

பெரியம்மா குழம்பை ஊற்றிக்கொண்டு போவார்.

எங்கள் வீட்டிலும் எல்லாம் பெரியப்பா பெயரில்தான் நடந்தது. யாருக்குப் பெண் பார்ப்பது, யார் எங்கே வேலைக்குப் போவது, எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "சரி" என்பார். அதோடு முடிந்தது. எனக்கு அவரைப் பார்த்தால் பயமும் பெருமையும் சேர்ந்து வரும்.

அந்த வருஷம் கடைவீட்டை இடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு மார்சிலிங்கில் வீடு கிடைத்தது. ஒரே அடுக்குமாடி புளோக்கில், மேலும் கீழுமாக இரண்டு வீடு. தேக்காவை விட்டால் உலகமில்லை என்றிருந்த எங்களுக்கு, மார்சிலிங் என்றால் எல்லை தாண்டி ஜொகூர் போகிற மாதிரி. ஆனால் தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்றதும் அம்மா மனம் மாறிவிட்டாள். அண்ணன்மார் லிஃப்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அத்தையைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. பிறகு பேசினார்கள். பெரியப்பா வீட்டில் வயசுக்கு வந்த அக்காமார் இரண்டு பேர், எங்கள் வீட்டில் நாங்கள், எங்கே படுக்கை போடுவது என்று பேச்சு வந்தது. புகுந்த வீட்டு ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள், அவர்களோடு போய் இருக்கட்டும், தை மாதம் கப்பலில் அனுப்பிவிடலாம் என்று ஆயிற்று. பெரியப்பா தொண்டையைச் செருமி, "சரி" என்றார். அன்றைக்கு அவர் சரி சொன்னபோது யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அடுத்த நாளே அத்தை என் தலையை நானே வாரிக்கொள்ளப் பழக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் அவள் நிஜமாகவே போகப்போகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தீபாவளி அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பிள்ளைகள் பெரியப்பா காலில் விழ வேண்டும். விழுந்து எழும்போது ஒன்று கேட்கலாம். அன்றைக்கு விழுந்து கேட்டதை மறுக்கக் கூடாது. தாத்தா காலத்திலிருந்து அப்படித்தானாம். அத்தையை அனுப்பக் கூடாது என்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். நாங்கள் எதைக் கேட்டாலும் பெரியப்பா ஒரு கணம் பெரியம்மா முகத்தைப் பார்ப்பார். அப்புறம்தான் சரி வரும். அது ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. கண் வலியோ என்னவோ. ஆனாலும் இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இன்னும் பெரிய காலாகப் பார்த்து விழ வேண்டும் என்று பட்டது.

விழுந்தேன், எழுந்தேன். "என்னை இஸ்தானாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க பெரியப்பா" என்றேன். அவர் பெரியம்மாவைப் பார்த்தார். சரி என்றார்.

பொது விடுமுறையில் இஸ்தானா கேட்டைத் திறந்து சனங்களை உள்ளே விடுவார்கள், இப்போதும் விடுகிறார்கள். அண்ணன்மாரும் அக்காமாரும் சினிமாவுக்குப் போய்விட, பெரியப்பாவும் நானும் மட்டும் நடந்தே போனோம். அவர் பட்டு வேட்டி கட்டியிருந்தார். உள்ளே அவ்வளவு புல். கேட்டிலிருந்தே இது நான் வெட்டியது, இது நான் நட்டது என்று காட்டிக்கொண்டே வந்தார். என் கண் பிரசிடண்டைத் தேடிக்கொண்டிருந்தது.

பிரசிடண்டு எப்படி இருப்பார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. பள்ளியில் படம் இருந்தது. கரும்பலகைக்கு மேலே அவ்வளவு உயரத்தில், கண்ணாடியில் சன்னல் வெளிச்சம் விழுந்து முகமே தெரியாது. ஆனால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும் என்று நம்பியிருந்தேன். தெரிந்துவிட்டது. புல்வெளியில் ஒரு கூட்டம் வெள்ளை உடுப்பில் பித்தளைக் குழல்களும் மேளமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர்கள் முன்னால் ஒருவர் நின்றார். அவர் உடுப்பில்தான் தங்கநிறம் அதிகம். கையில் ஒரு சின்னக் குச்சி. குச்சியைத் தூக்கினார், அத்தனை பேரும் ஊதினார்கள். இறக்கினார், அத்தனை பேரும் நிறுத்தினார்கள். அவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இவரைவிட அதிகாரம் வேறு யாருக்கு இருக்க முடியும்?

பாட்டு முடிந்து சனங்கள் கை தட்டினார்கள். நான் பெரியப்பா கையை உதறிவிட்டு ஓடினேன். அவருடைய பளபளவென்ற கறுப்புச் சப்பாத்துக் கால்களின் முன்னால் நெற்றி புல்லில் படும்படி விழுந்தேன்.

"எங்க அத்தையை ஊருக்கு அனுப்பக் கூடாதுன்னு சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அவர் பதறிப்போய் வெள்ளைக் கையுறையோடு என்னைத் தூக்கி நிறுத்தினார். மலாய்க்காரர். நெற்றியில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துவிட்டார். பின்னால் மேளக்காரர்கள் சிரித்தார்கள். இவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு நின்றது. எனக்கு நம்பிக்கை இன்னும் கூடிவிட்டது.

பெரியப்பா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். பிள்ளை என்ன கேட்கிறாள் என்று குச்சி வைத்திருந்தவர் மலாயில் விசாரித்திருக்க வேண்டும். எனக்குச் சந்தையில் மீன் கேட்கிற அளவுக்குத்தான் மலாய் வரும். பெரியப்பா பட்டு வேட்டியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தான் வேலை செய்கிற இடத்தில், அத்தனை பேர் முன்னால், தன் வீட்டுச் சங்கதியைத் தன் வாயாலேயே சொன்னார். கேட்டவர் முகத்தில் முதலில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பெரியப்பாவைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். பெரியப்பா தான் வெட்டிய புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரசிடண்டு என்ன சொன்னார் என்று கேட்டேன். பெரியப்பா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அந்த மனிதரை, அவர் கையிலிருந்த குச்சியை. என்ன நினைத்தாரோ.

"அத்தை இங்கேயே இருக்கணும்னு சொல்லிட்டாரு" என்றார்.

செலிகி ரோட்டு வழியாகத் திரும்பி நடந்தோம். வீட்டுக்கு வந்ததும் கால் கழுவுகிறேன் என்று நேரே சமையல்கட்டுக்குள் போனார். வெகுநேரம் கழுவினார்.

அப்புறம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"சின்னவ இன்னைக்குப் பிரசிடண்டு கால்லயே விழுந்துட்டா. தங்கச்சி நம்மகூடத்தான் இருக்கணும்னு உத்தரவாயிடுச்சு."

அப்பா வாயைத் திறந்தார். அம்மா சட்டென்று அவர் தட்டில் ஒரு கரண்டி இறைச்சியை வைத்தாள். வாய் மூடிக்கொண்டது. எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தோம். அவர் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"பிரசிடண்டு எந்த பாஷையில சொன்னாரு?"

"மலாய்ல."

"எங்க படுக்கிறதுன்னு ஏதாவது சொன்னாரா?"

"அது சொல்லல."

"அப்ப நான் சொல்றேன். ஹால்ல சன்னல் ஓரம் அவளுக்கு. மிளகாய் மூட்டையை மட்டும் புது வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அதையும் பிரசிடண்டு சொன்னதா வச்சுக்குங்க."

பெரியப்பா, "சரி" என்றார்.

அத்தை சுவரோரம் நின்றிருந்தாள். எழுந்து ஓடி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும்தான். அந்த அவசரத்தில் தன்னை மறந்து, முதல் தடவையாக, உள்ளங்கையால் என் கண்ணைத் துடைத்தாள். ஐயோ. சாயங்காலம்வரை எரிந்தது. அத்தை அலறிக்கொண்டு தண்ணீர் ஊற்ற, பெரியம்மா பால் கொண்டுவா என்று கத்த, பட்டாசு சத்தத்துக்கு மேல் எங்கள் வீட்டுச் சத்தம். எரிந்த கண்ணோடு நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மார்சிலிங்கில் சன்னல் ஓரம் அத்தைக்குத்தான். தேசிய தினத்தன்று டிவியில் பிரசிடண்டு வந்து இறங்கினால், அத்தை சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பாள். அவள் எழுந்தால் பெரியம்மாவும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார். பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம். பிரசிடண்டுகள் மாறினார்கள். இவரில்லையே அத்தை, அவர் வேறல்லவா என்றால், "ஆள் மாறினா என்னடி, நாற்காலி அதேதானே" என்பாள். அவள் முன்னால் நான் ஒருநாளும் அந்த பேண்டு வாத்தியக் குச்சிக்காரரைப் பற்றி வாய் திறந்ததில்லை. படத்தில் முகத்தைச் சரியாகப் பார்த்த வயதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் விழுந்தது யார் காலில் என்று.

ஆனால் பாதிதான் தெரிந்திருந்தது. பெரியப்பா போன பிறகு பெரியம்மா படுத்த படுக்கையானார். குளிப்பாட்டி, ஊட்டி, எல்லாம் பார்த்தது அத்தைதான். ஒருநாள் அத்தை கோயிலுக்குப் போயிருந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அந்தத் தீபாவளிக்குப் பெரியப்பா ஒரு பொய் சொன்னாரே, நீங்களும் நம்பிவிட்டீர்களே என்று விளையாட்டாகக் கேட்டேன். பெரியம்மா சிரித்தார்.

"என்கிட்டக் கேட்காம அவர் என்னைக்குடி வாயைத் திறந்தாரு? நேரா சமையல்கட்டுக்கு வந்து அழுதாரு. 'இதுக்கு என் கால்ல எதுக்கு விழணும், வீட்டுக்குப் பெரியவர் நீங்கதானே'ன்னு அந்த மலாய்க்காரர் கேட்டுட்டாராம். சரி சரின்னே சொல்லிப் பழகின மனுசன். அவருக்குன்னு ஒண்ணு வேணும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. இருக்கட்டும்னேன்."

அப்படியானால் பிரசிடண்டு பெயரை ஏன் இழுத்தீர்கள் என்றேன்.

"நான் வச்சுக்கிட்டேன்னா, அவ காலம் பூரா என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுவா. அரசாங்கமே சொன்னதுன்னா யாருக்கும் கடமைப்படாம நிமிர்ந்து உக்காருவா இல்ல. அதான் அப்படியே சொல்லுங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."

டிவியில் பிரசிடண்டைப் பார்த்து அத்தை எழுந்தால், கூடவே பெரியம்மாவும் முட்டி வலியோடு எழுந்து நிற்பாரே, அது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அது யார் பெயரில் வருகிறது என்பதை என் பேத்தி பள்ளியில் படிக்கிறாள். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது எங்கள் சமையல்கட்டு. உத்தரவு போட்டவருக்கும், அதைச் சொன்னவருக்கும், பெயரைக் கொடுத்தது தெரியாமலே கொடுத்தவருக்கும், புல்லை எடுத்துவிட்ட அந்தக் கையுறைக்கும் நான் கும்பிடு போடுகிறேன்.

போதும் கண்ணு. இப்போது முதலிலிருந்து படித்துக் காட்டு. உத்தரவு வருகிற இடத்தை நல்லா சத்தமாகப் படி. பெரியம்மா படுக்கையில் சொன்னதை மட்டும் மெதுவாகப் படி. எதிர்ச் சுவரில் அத்தை படம் இருக்கிறது.