அப்பாவின் வேனுக்குப் போட்ட பூட்டுகள்

எங்கள் வேனைத் திறப்பதற்குள் பள்ளிக்கூடத்தில் காலை ஜெபம் முடிந்துவிடும். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள், அந்த வருஷம் ஆம்பூரில் எங்கள் தெருவில் குடியிருந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். ஏன் லேட் என்று கேட்ட டீச்சரிடம் ஒருமுறை, "அப்பா பூட்டு தொறந்துக்கினு இருந்தாரு மிஸ்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அதற்காக வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். உண்மை பேசுவதில் எனக்கு ஆர்வம் குறைந்தது அன்றைக்குத்தான்.

அப்பா ஷூ கம்பெனிகளில் தையல் மிஷின் ரிப்பேர் செய்பவர். எந்தக் கம்பெனியிலும் நிரந்தர ஆள் கிடையாது. ஆம்பூரோ பேரணாம்பட்டோ, எங்கிருந்து போன் வந்தாலும் ஓடுவார். கடை, பட்டறை எல்லாமே அவருக்கு அந்தப் பழைய வெள்ளை வேன்தான். உள்ளே மோட்டார், பெல்ட், ஊசி டப்பாக்கள், ஆயில் கேன். எல்லாவற்றுக்கும் நடுவில் ராஜா மாதிரி ஒரு நீல இரும்புப் பெட்டி. டூல்ஸ் முழுக்க அதில்தான் இருந்தன. அதன் மூடியின் உள்பக்கம் நான் ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். அப்பா கம்பெனியில் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் என் ஞாபகம் வரவேண்டும் என்று ஏற்பாடு.

ஒருநாள் காலையில் பார்த்தால் பெட்டியைக் காணோம். கண்ணாடி உடையவில்லை, கதவில் ஒரு கீறல் இல்லை, பூட்டியது பூட்டியபடி இருந்தது. தெருவே கூடி வேனைச் சுற்றிவந்து பார்த்தது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னது என் மாமா.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த ஒரே தம்பி. அவர்களுடைய அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவரைத் தலைவாரி, சட்டை போட்டு வளர்த்தவள். அடுத்த தெருவில் ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, சாப்பாட்டுக்கு மட்டும் எங்கள் வீட்டுக்கு வருவார். எந்த வேலையிலும் ஒட்டமாட்டார். ஆனால் இரண்டு விரலை வாயில் வைத்து அவர் அடிக்கிற விசில் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். எனக்கு உலகத்திலேயே பிடித்த மனிதர் அவர்தான்.

"டூப்ளிகேட் சாவி போட்டுட்டான் மச்சான். வண்டியில வர்ற லாக்க நம்பாத. தனியா பூட்டு போடு" என்றார் மாமா. சொன்னதோடு விடவில்லை. தன் பைக்கிலேயே அப்பாவை ஹார்டுவேர் கடைக்கு அழைத்துக்கொண்டு போய் முதல் பூட்டை அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்.

சில நாள் கழித்து அப்பா ஒரு நீலப் பெட்டியோடு வந்தார். செகண்ட் ஹேண்டில் கிடைத்ததாகச் சொன்னார். ஓடிப்போய் மூடியைத் திறந்தேன். உள்ளே எதையோ சுரண்டி எடுத்த தடம் இருந்தது. ஓரத்தில் ஒற்றை இறக்கை மட்டும் மிச்சம். "இது நம்ம பெட்டிப்பா!" என்று குதித்தேன். "எல்லாப் பெட்டியும் இப்டிதான் இருக்கும். போய்ப் படி" என்றார் அப்பா. அம்மா ஒரு துணியை எடுத்துவந்து அந்தப் பெட்டியை வெகுநேரம் துடைத்தாள். எங்கேயோ இன்னொரு பெண்ணும் தன் அப்பாவுக்குப் பட்டாம்பூச்சி ஒட்டியிருக்கிறாள் என்று முடிவு செய்து நானும் சமாதானமாகிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அப்பாவுக்குப் பூட்டுப் பைத்தியம் முற்றியது. பக்கவாட்டில் இழுக்கும் கதவுக்கு வெளியே இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்து ஒரு பூட்டு. பின்கதவுக்குக் குறுக்கே ஒரு கம்பி, அதற்கு ஒரு பூட்டு. டிரைவர் கதவுக்கு ஒரு பூட்டு. அது போதாதென்று கம்பிக்கு மேலே ஒரு சங்கிலி, சங்கிலிக்கும் ஒரு பூட்டு. முன்னால் இடதுபக்கக் கதவை உள்ளேயிருந்து போல்ட் போட்டு முறுக்கி, இனிமேல் அது கதவே இல்லை என்று ஆக்கிவிட்டார். இடுப்பில் சாவிக்கொத்து தொங்க அவர் நடந்து வருவதைப் பார்த்துத் தெருப் பையன்கள் எங்கள் வேனுக்கு ஜெயில் வண்டி என்று பேர் வைத்தார்கள். அதில் போய்த்தான் நான் பள்ளிக்கூட வாசலில் இறங்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்புவது இன்னும் மோசம். அம்மா பட்டுப்புடவையோடு டிரைவர் சீட்டில் ஏறி, கியர் கம்பியைத் தாண்டி, அந்தப் பக்கம் போய் உட்கார வேண்டும். கியர் கம்பியில் புடவை மாட்டாத ஞாயிறு இல்லை. ஏலகிரிக்கு ஒருநாள் போனோம். ஏரிக்கரையில் எல்லோரும் பாயை விரித்துவிட்டு உட்கார்ந்திருக்க, பிரியாணி வேனுக்குள், சாவி அப்பாவின் எந்தப் பாக்கெட்டில் என்பது அப்பாவுக்கே தெரியவில்லை. பசியில் நான் அழுதேவிட்டேன். "டயருக்கு ஒரு பூட்டு பாக்கி மச்சான்" என்று மாமா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எங்களுக்கெல்லாம் பூட்டின் மேல் இருந்தது எரிச்சல் என்றால், அவளுக்கு இருந்தது கொலைவெறி. சாவிக்கொத்து குலுங்குகிற சத்தம் கேட்டாலே சமையலறையில் பாத்திரம் பறக்கும். "உள்ள இன்னா கஜானாவா வெச்சிக்கினு இருக்கீங்க? யாரு வர்றான்னு இத்தினி பூட்டு?" என்று கத்துவாள். "காலம் கெட்டுக் கெடக்குது" என்பதற்கு மேல் அப்பா வாய் திறக்கமாட்டார். அடுத்த வாரம் இன்னொரு பூட்டு வரும்.

மழைக்காலம் வந்ததும் அப்பா செய்த காரியத்தை எங்கள் ஊர்க்காரன் ஒருவன் செய்தான் என்று சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. பூட்டு நனையக்கூடாதாம். எங்கள் பக்கம் எதற்கும் தோல்துண்டுதான் மருந்து. கட்டில் கால் ஆடினால் அடியில் தோல், குழாய் ஒழுகினால் உள்ளே தோல், செருப்பறுந்தால் கேட்கவே வேண்டாம். அப்பாவும் கம்பெனியில் வெட்டிக் கழித்த துண்டுகளைக் கொண்டுவந்து, ஒவ்வொரு பூட்டுக்கும் அளவெடுத்து உறை தைத்து மாட்டினார். தையல் மிக நேர்த்தி. ஆனால் ஊறின தோல் இரும்பைத் தின்னும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். தோலைப் பதப்படுத்தப் போட்ட உப்பும் ஆசிடும் அவ்வளவு சுலபத்தில் போய்விடாது. இங்கே கத்தியைக்கூட யாரும் தோலுறையில் போட்டு வைக்கமாட்டார்கள். வாழ்நாளெல்லாம் தோல் தைக்கும் மிஷினோடு கிடந்த மனிதருக்கு அது எப்படி மறந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அப்பா காய்ச்சலில் படுத்தார். வெளியே விடாமல் மழை. வேன் அப்படியே ஈரத்தோல் போர்த்திக்கொண்டு நின்றது.

மழை விட்ட சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. அப்பாவுக்கு வாடிக்கையான பெரிய கம்பெனியின் சூப்பர்வைசர். ஷூவின் மேல்பாகத் தோலைத் தைக்கிற லைனில் மிஷின் நின்றுவிட்டது, சாயங்காலம் கண்டெய்னர் கிளம்ப வேண்டும். அவர் கத்தியது கூடத்தில் இருந்த எங்களுக்கே கேட்டது. "இப்ப வரலன்னா மெட்ராஸ் ஆளுக்கே மொத்தமா குடுத்துடறேன். அப்பறம் நீ இந்தப் பக்கம் வராத." அந்தக் கம்பெனி போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். அது எனக்கே தெரியும். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினார்.

முதல் பூட்டில் சாவி நுழையவில்லை. இரண்டாவதில் நுழைந்த சாவி திரும்பவில்லை. மூன்றாவதில் திருப்பியபோது உடைந்து பாதி உள்ளேயே நின்றுவிட்டது. உறையைக் கழற்றினால் பூட்டுகளெல்லாம் செங்கல் நிறத்தில் பூத்துப் போயிருந்தன. "ஈரத்தோலப் போத்தி வெச்சா துருப்புடிக்காம இன்னா பண்ணும்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தேங்காய் எண்ணெய் விட்டோம். மண்ணெண்ணெய் விட்டோம். எதிர்வீட்டு பாய் சுத்தியல் கொண்டுவந்து தட்டிப் பார்த்தார். அறுத்துவிடலாம் என்றார் யாரோ. அறுக்கிற பிளேடு நீலப் பெட்டிக்குள் இருந்தது. திருடனிடமிருந்து காப்பாற்றப் போட்ட பூட்டில் அப்பாதான் நன்றாக மாட்டிக்கொண்டார்.

போன் மறுபடி அடித்தது. அப்பா எடுக்கவில்லை. காய்ச்சலோடு நின்றவர், ஓரத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்துக் கண்ணாடியைக் குறிபார்த்தார்.

அப்போதுதான் சாப்பாட்டு வேளைக்கு மாமா வந்தார். "ஐயோ, கண்ணாடிய எதுக்கு மச்சான் ஒடைக்கிற? தள்ளு" என்றார். பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து மேல்நோக்கி அழுத்தினார். லேசாக ஆட்டினார். கீழ்ச்சட்டத்தில் மணிக்கட்டால் ஒரு தட்டு. உள்ளே தாழ் விழுகிற சத்தம் கேட்டது. கண்ணாடி வழுக்கிக்கொண்டு திறந்தது. தலையை விட்டு, தோளைச் சாய்த்து, காலை உதறி, ஓணான் மாதிரி உள்ளே போய்விட்டார். ஸ்பேனரை எங்கே தேடவேண்டும் என்று ஒரு நிமிஷம்கூடத் தடவவில்லை. இடதுபக்கக் கதவின் போல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்துகொண்டு, சிரித்தபடி இறங்கினார்.

"மாமா சூப்பர்!" என்று நான் கைதட்டினேன்.

வேறு யாரும் தட்டவில்லை. பாய் தன் சுத்தியலையே பார்த்தபடி வீட்டுக்குள் போய்விட்டார். அப்பா கையிலிருந்த கல்லைப் பழையபடி ஓரத்திலேயே வைத்தார்.

"எப்டிடா தெரியும் ஒனக்கு?" என்று அம்மா கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"எல்லாப் பழைய வேனும் இப்டிதான்க்கா..." என்று ஆரம்பித்த மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அப்பா அவரைப் பார்க்காமல் இடதுபக்கமாக ஏறி, டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"கைய கழுவு. சாப்ட்டுப் போ" என்றாள் அம்மா. ஆனால் அவள் பரிமாற வரவில்லை. என்னைப் போடச் சொன்னாள். எத்தனை வயதானாலும் தம்பி தட்டில் தன் கையால் போட்டால்தான் அவளுக்குத் திருப்தி. அந்த வேலை எனக்குக் கிடைத்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. மாமா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். இரண்டாம் தடவை குழம்பு கேட்கவில்லை. விசில் அடித்துக் காட்டச் சொன்னேன். "அப்பறம் பாக்கலாம் கண்ணு" என்று போய்விட்டார்.

மிஷின் ஓடியது, கண்டெய்னர் கிளம்பியது, கம்பெனி எங்களோடேயே இருந்தது. மாமாதான் இல்லை. கொஞ்ச நாளில் ஓசூரில் வேலை என்று போனவர், கிறிஸ்துமஸுக்கு மட்டும் கேக்கோடு வந்து, விருந்தாளி மாதிரி வாசலில் நின்று கதவைத் தட்டினார்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்த பிறகு, அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே இதைச் சொன்னாள். அப்பா அந்தப் பெட்டியைப் பேரணாம்பட்டில் ஒரு பழைய இரும்புக் கடையில் பார்த்து மீட்டுக்கொண்டு வந்திருக்கிறார். கொண்டுவந்து போட்டது யார் என்று கடைக்காரர் அடையாளமும் சொல்லியிருக்கிறார். எப்படித் திறந்தான் என்பது மட்டும் அப்பாவுக்குப் புரியவில்லை. அம்மா காதில் விழக்கூடாது என்று விழுங்கிக்கொண்டு, பேர் சொல்லாமல் பூட்டு போட்டுக்கொண்டே போயிருக்கிறார். அம்மாவோ பெட்டியைத் துடைக்கும்போதே அந்த ஒற்றை இறக்கையைப் பார்த்துவிட்டாள். காரணமில்லாமல் தம்பி கையில் புதுப் போன் வந்ததையும் பார்த்திருந்தாள். அப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்து அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

"திருடன் நம்மூட்ல ஒக்காந்து சாப்புடறான், இந்த மனுசன் ரோட்டப் பாத்துப் பூட்டு போடறாரேன்னு எனக்குப் பத்திக்கினு வரும்டி. நான் வேற யார்மேல கத்துவேன்? பூட்டு மேலதான் கத்தினேன்."

இவ்வளவும், பூட்டு திறக்காத அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரியாது. சர்ச் விட்டு வந்ததும் அப்பா ரம்பத்தை எடுத்துக்கொண்டு வேனோடு உட்கார்ந்தார். ஒவ்வொரு பூட்டாக அறுத்துக் கீழே போட்டார். வெல்டிங் வைத்த பட்டையைக்கூட விடவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஜெயில் வண்டி என்று பேர் வாங்கி, வகுப்புக்கு வெளியே நின்று, ஏலகிரியில் பட்டினி கிடந்தது எல்லாம் இதற்குத்தானா?

"இனிமே திருடன் வந்தா இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"வரமாட்டான்" என்றார் அப்பா, ரம்பத்தை நிறுத்தாமல்.

அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வழக்கம்போல் இப்போது ஒரு கத்தல் வரும் என்று காத்திருந்தேன். அவளோ வந்து, டீ டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, கீழே விழுந்த துருப்பிடித்த பூட்டுகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவ்வளவு நாள் திட்டித் தீர்த்த பூட்டுகள் போகிறபோது யாராவது அழுவார்களா? பெரியவர்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று அவர்களுக்கே தெரியாது என்று அலுத்துக்கொண்டு, மாமா இன்றைக்குச் சாப்பிட ஏன் இன்னும் வரவில்லை என்று தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்தேன்.