விரலில் நகம் ஒட்டும் நேரம்

மோர்னிங்சைட் சமூக நிலையத்தில் குணவதி வேலைக்குச் சேர்ந்தது அறைகளைத் திறந்து மூடவும் மேசை கதிரை அடுக்கவும்தான். அதற்கு முன் பதினெட்டு வருடம் கேக் பெட்டி மடிக்கும் தொழிற்சாலையில் நின்றவர். அதை மூடியபோது வயது ஐம்பத்தாறு. "அம்மா, இனி வீட்டில இருங்கோவன்" என்று மகள் நிலாணி சொன்னாள். இரண்டு மாதம் இருந்து பார்த்தார். மூன்றாம் மாதம் நீலச் சீருடைச் சட்டையும் சாவிக்கொத்துமாக மோர்னிங்சைட் நிலையத்து வாசலில் நின்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே குஜெங் வகுப்பு நடக்கும். சீனர்களின் பழைய நரம்பு வாத்தியம் அது. ஆளுயர மரப்பெட்டியின் மேல் இருபத்தொரு தந்திகள். ஒவ்வொரு தந்திக்கும் கீழே, வீணையில் இருப்பதுபோல, தந்தியைத் தாங்கும் ஒரு சின்னக் குதிரை. ஆனால் ஒட்டாமல் சும்மா நிற்கும். முதல் வகுப்பு இலவசம் என்பதால் மாதாமாதம் புது முகங்கள் வரும். ஆசிரியை கரோலின் லூ பக்கத்து ஊரான விட்பியிலிருந்து காரில் வருவார்.

வாத்தியங்களைக் களஞ்சிய அறையிலிருந்து தூக்கி வருவது குணவதியின் வேலை. முதல் மாதமே ஒன்றைக் கதவில் இடித்துவிட்டார். குதிரையொன்று படாரென்று சரிந்தது. உடைத்துவிட்டோம், வேலை போச்சு என்று நினைத்தார். கரோலின் சிரித்துக்கொண்டே தந்தியைத் தூக்கிப் பிடித்து, குதிரையை மறுபடி நிறுத்துவது எப்படியென்று காட்டிக் கொடுத்தார்.

பிறகு நகம் ஒட்டும் வேலையும் சேர்ந்தது. குஜெங் வாசிக்க வலக்கை விரல்கள் நான்கில் சின்னச் சின்னச் செயற்கை நகங்களை ஒட்டுநாடா சுற்றி ஒட்ட வேண்டும். பெட்டி மடித்த கைக்கு அது பெரிய காரியமில்லை. ஒட்டிக்கொண்டே கரோலின் புதியவர்களுக்குச் சொல்வதையெல்லாம் கேட்பார். ஒன்றரை வருடத்தில் அதே முதல் வகுப்பைப் பதினாறு தரமாவது கேட்டிருப்பார்.

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, நல்ல பனி. பத்துமணிக்குக் கொஞ்சம் முன்னர் கரோலின் போனில் அழைத்தார். பெருந்தெருவில் விபத்து, கார் அசையவில்லை. வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிடச் சொன்னார்.

குணவதி அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஏழு பேர். சப்பாத்துகளில் ஒட்டிய பனி இன்னும் உருகி முடியவில்லை. நவரட்ணம் என்ற பெரியவர் ரூஜிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"டீச்சர் வர லேற்றாகுமோ, தங்கச்சி?" என்று கேட்டார் அவர்.

"ஓம் அண்ணை." திருப்பி அனுப்ப வாய் வரவில்லை. "டீச்சர் வருமட்டும் நான் நகத்தை ஒட்டி விடுறன். முதல்ல எல்லாரும் வாஷ்ரூம் போட்டு வாங்கோ. ஒட்டினாப் பிறகு கை கழுவேலாது."

அதையே மற்றவர்களுக்கு ஆங்கிலத்திலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஒட்டி முடிந்ததும் சும்மா இருக்க வைப்பானேன் என்று பச்சைத் தந்திகளைக் காட்டினார். ஒரு பச்சையிலிருந்து அடுத்த பச்சைவரை ஐந்து சுரம், பிறகு அதே ஐந்து திரும்பி வரும். கட்டைவிரலால் ஒவ்வொன்றாக மீட்டச் சொன்னார்.

அபர்ணா என்ற சென்னைப் பெண் நிமிர்ந்தாள். "ஆன்ட்டி, இது மோகனம் மாதிரி இருக்கே! அப்ப ம, நி எல்லாம் எங்க?"

"எனக்கு உந்தப் பேரொண்டும் தெரியாது, பிள்ளை. ஆனா குதிரைக்கு இடப்பக்கம் தந்தியை அமத்திப் பாரும், சத்தம் ஏறும்."

அபர்ணா அமத்தினாள். சுரம் வளைந்து ஏறியது. "ஐயோ" என்று அவள் வாயைப் பொத்தப்போய் நகம் கன்னத்தில் குத்தியது.

வழி திறந்ததும், பதினொன்றரை வகுப்புக்காவது என்று கரோலின் பத்தேமுக்காலுக்கு வந்தபோது ஏழு பேரும் ஒன்றாகச் சுரங்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். கோட்டைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குணவதியின் காதருகே வந்து, எல்லோரும் கட்டைவிரலை உள்ளே இழுக்கிறார்கள், வெளியே தள்ள வேண்டும் என்றார்.

குணவதிக்கு முகம் சுருங்கியது. இத்தனை நாளும் அவர் மாணவருக்கு எதிரே நின்றுதான் பார்த்திருந்தார். திசை மாறித் தெரிந்திருக்கிறது.

திங்கட்கிழமை மேலாளர் மரியோ கூப்பிட்டார். வகுப்பு எடுப்பது குணவதியின் வேலையில்லை, யாருக்காவது ஏதும் நடந்திருந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து வகுப்பு உதவியாளர் வேலைக்கான படிவமொன்றை நீட்டினார். முதலுதவிப் பயிற்சியும் முடிக்க வேண்டும் என்றார். காலையில்தான் கரோலின் போன் செய்து, குணவதியை உதவியாளராகக் கேட்டிருந்தாராம்.

பயிற்சிக்குப் போனார், பாஸ் பண்ணினார். ஆனால் கரோலின் ஒரு நிபந்தனை போட்டார்: இனி எதிரே நிற்கக் கூடாது, வாத்தியத்தின் முன்னால் உட்கார்ந்து தானும் பழக வேண்டும்.

இப்போது சனிக்கிழமைகளில் முதல் அரை மணித்தியாலம் புதியவர்கள் குணவதியின் பொறுப்பு. பதினொன்றரைக்கு நீலச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்த வகுப்பில் பின்வரிசையில் அமர்கிறார். முன்னால் நவரட்ணமும் அபர்ணாவும். இடது கை இன்னும் பிந்தித்தான் வருகிறது. கரோலின் வாரந்தவறாமல் திருத்துகிறார், குணவதியும் மறுபடி முதல் தந்தியிலிருந்து தொடங்குகிறார்.