செப்புத்தகட்டுப் பெண்ணின் நெற்றி

நான் சேகரிப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு எட்சிங் படங்களை. செப்புத் தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்து, மை நிரப்பி, கையால் செய்த காகிதத்தில் அழுத்தி எடுத்தவை. மொத்தம் பதினொன்று வைத்திருந்தேன். வானகரத்தில் நான் தனியாக இருக்கும் ஃப்ளாட்டுக்கு வருகிறவர்கள் "ஜெராக்ஸா சார்?" என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு காபி கொடுத்து அனுப்புவேன்.

பன்னிரண்டாவது, பூந்தமல்லிக் காயலாங்கடையில் கிடைத்தது. உடைந்த சட்டத்துக்குள், குளக்கரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். ஓரத்தை விரலால் தடவினேன். தகடு அழுத்திய பள்ளம் சுற்றிலும் இருந்தது. அசல்தான். நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது. வரைந்த வெள்ளைக்காரன் கண்ணில் பொட்டு படவில்லையோ என்னவோ. எதையோ கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்ட முகம். அவள் வந்ததிலிருந்து தனியாகச் சாப்பிட உட்காரவே எனக்குப் பயமாக இருந்தது.

காகிதத்தில் ஈரம் இருந்ததால் கண்ணாடி போடாமல் அலமாரிமேல் சாய்த்து வைத்தேன். அதே அலமாரிக்குள் அம்மாவின் போட்டோ துணி சுற்றிக் கிடந்தது. இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, மாட்ட ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான். யாரோ ஒருத்திக்கு அலமாரிமேல் இடம், பெற்றவளுக்கு உள்ளே இருட்டு. தெரிந்தேதான் செய்தேன்.

வருட நாளுக்கு வடை, பாயசம் செய்யும்படி, நசரத்பேட்டையிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அன்று காலை ஹெட்செட்டோடு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபோது அவர் வந்து எதையோ கேட்டார். 'அம்மா' என்பது மட்டும் காதில் விழுந்தது. அலமாரிப் பக்கம் கையைக் காட்டினேன்.

மீட்டிங் முடிந்து வந்து பார்த்தால், குளக்கரைப் பெண்ணின் நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். தலைக்குமேல் மல்லிச்சரம். முன்னால் இலை போட்டிருந்தது. சிவப்பு ஈரம் காகித நாருக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க? இதுவா எங்கம்மா?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே நாராசமாக இருந்தது.

"நீதானே சார் கை காட்டுன? அம்மா படம் எங்க கீதுன்னு கேட்டேன். நெத்தி வெறுமையா கீதே, பாவம்னு வெச்சேன்."

துடைக்கப் போனவரைத் தடுத்தேன். தேய்த்தால் காகிதமும் போய்விடும். இருந்த ஆத்திரத்தில் அலமாரியைத் திறந்து, துணியை உருவி, "இதான் எங்கம்மா, நல்லா பாருங்க" என்று போட்டோவை நீட்டினேன்.

அவர் பார்த்தார். நானும் பார்க்க வேண்டியதாயிற்று. அப்பா போனபிறகு எடுத்த படம். அந்த நெற்றியும் வெறுமையாகத்தான் இருந்தது.

"இவங்களுக்கும் வெக்கலாமா சார்?" என்று அக்கா தயங்கிக் கேட்டார்.

"வைங்கக்கா" என்றேன். அவர் கண்ணாடிமேல் குங்குமம் வைத்ததும், என் ஒன்பது வயதுவரை நான் பார்த்த அம்மா திரும்பி வந்தாள். வாய்விட்டு அழுதேன்.

எட்சிங் படத்தின் கறையை எடுத்துவிடலாம் என்கிறார்கள், பழைய காகிதங்களைச் சீர்செய்பவர்கள். நான் கொடுக்கவில்லை. இரண்டு படமும் இப்போது ஒரே சுவரில் இருக்கின்றன. சாப்பிட உட்கார இன்னும் பயம்தான். குளக்கரைப் பெண் கேட்க வந்தது என்னவென்று இப்போது தெரியும். அம்மாவுக்காக அவள் கேட்க வந்ததை இப்போது அம்மாவே கேட்கிறாள்: "ஏன்டா என்னை இத்தனை நாள் உள்ளே வெச்சே?"