பெட்டி மாட்டிய நாள்

என் மனைவிக்கு முடக்குவாதம் வந்து பன்னிரண்டு வருடமாகியிருந்தது. எங்கள் ஊர் ஜெகதளாவின் குளிரில் காலையில் அவள் விரல்கள் மடங்கவே பத்து மணியாகும். அதற்கு இருவரும் பழகிவிட்டோம். பிறகு நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. "உள்ளுக்குள்ள கோழி றெக்கையடிக்கிற மாதிரி இருக்குதுங்க" என்பாள். பஸ் பிடித்துக் குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் அது அடங்கிவிடும். இசிஜி எடுத்தால் சமர்த்தாக ஓடும். மூன்று தடவை இப்படியே நடந்தது.

டாக்டர் பொறுமைசாலி. மூட்டுகளை வீங்கவைக்கிற இந்த நோய் இதயத் துடிப்பையும் கெடுக்கலாம் என்றார். துடிப்பு தாறுமாறானால் இரத்தம் உறைந்து மூளைக்குப் போய்விடுமாம். உறையாமலிருக்க மாத்திரை உண்டு. ஆனால் வலி மாத்திரை தின்று தின்று இவளுக்கு ஏற்கெனவே வயிற்றில் இரத்தம் கசிந்திருந்தது. துடிப்பு தவறுவதைக் கண்ணால் பார்க்காமல் அந்த மாத்திரையைக் கொடுக்க அவர் பயந்தார். அதனால் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, துடிப்பைப் பதிவு செய்கிற ஒரு சின்னப் பெட்டியை இடுப்பில் மாட்டிவிட்டார்.

"ஒரு நாள் முழுக்க இருக்கட்டுங்க. தினமும் செய்யற வேலையெல்லாம் செய்யணும். எத்தனை மணிக்கு என்ன வேலைன்னு இந்தத் தாள்ல எழுதிட்டு வாங்க."

நான் செய்யவிடவில்லை. கீழ்க் குழாயிலிருந்து தண்ணீர் தூக்கியது நான், சோறு வடித்தது நான். ஒயர் கழன்றுவிடுமோ என்று பயம், பாசமும்தான். அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள். "பொட்டி கட்டுனாத்தான் இந்த ஊட்டுல எனக்கு உக்காந்த எடத்துல டீ வருமுங்களா?"

மறுநாள் காலை தாள் வெறுமையாக இருந்தது. பெட்டியை வீணடித்துவிட்டோம் என்று டாக்டர் திட்டுவாரே! அவளால் பேனா பிடிக்க முடியாது, நானே எழுதினேன். பன்னிரண்டு மணி, தண்ணீர் எடுத்தல். ஒரு மணி, துணி துவைத்தல். மூன்று மணி, விறகோடு படியேறுதல். அவள் எட்டிப் பார்த்து, "கொழுந்து பறிச்சதையும் எழுதிப்போடுங்க" என்று கேலி செய்தாள்.

டாக்டர் தாளையும் ரிப்போர்ட்டையும் சேர்த்துப் பார்த்து முகம் மலர்ந்தார். "இத்தனை வேலை செஞ்சும் துடிப்பு சீரா இருக்குதுங்க. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம்." எல்லாம் நல்லதுக்குத்தான் என்று நம்பிக்கொண்டு பஸ் ஏறினேன். என்னைப் போல முட்டாள் உண்டா?

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், நான் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தபோது அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். வாய் கோணியிருந்தது. வாடகைக் காரில் குன்னூருக்குத் தூக்கிப் போனோம். இந்தத் தடவை இசிஜியில் கோடுகள் தாறுமாறாகவே இருந்தன. டாக்டர் பழைய தாளை எடுத்துவரச் சொல்லி வரிவரியாகப் படித்தார். "அன்னைக்கு இது ஏன் பெட்டியில அகப்படலைன்னே தெரியலீங்க" என்றார். அவர் தன்மேலேயே கோபப்படுவது போலிருந்தது.

சொல்ல வாயெடுத்தேன். அவர் நீட்டிய தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வேலை செய்திருந்தாலும் அன்று படபடப்பு வராமலே போயிருக்கலாம். இனி அதை யாரும் சொல்ல முடியாது. கட்டிலிலிருந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் தவிர உண்மை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்குப் பேச்சு போய்விட்டிருந்தது.