எட்டாம் நம்பர் மாப்பிள்ளையைப் பார்க்கப் போனோம்

ஞாயிற்றுக்கிழமை காலை 7.40, ஜோலார்பேட்டை. பெங்களூருக்கு ஊர் பார்க்கப் போகிறவர்கள் உண்டு, வேலை தேடிப் போகிறவர்களும் உண்டு. நானும் என் அக்கா வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் மாமாவும் போனது ஓர் ஆளை வேவு பார்க்க. அங்கே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் அக்கா மகள் கவிதா, "கட்டினால் வினோத்தைத்தான்" என்று சொல்லிவிட்டாள். வினோத்துக்குத் தொழிலே கால்பந்து ஆடுவதுதான். முழங்காலைக் காட்ட வந்தவன் மனசையும் காட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

மாமா கூட்டுறவுச் சங்க இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது அவருக்குக் கைவந்த கலை. மூத்த மருமகனை அவன் வேலை பார்த்த வங்கியிலேயே டோக்கன் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னார். "வேலை செய்யிற எடத்துல பாக்கணும் மச்சான். வீட்டுக்கு வந்தா எல்லாவனும் நல்லவன்தான்" என்பார். இன்று அவர் வேண்டாம் என்றால் கல்யாணம் அவ்வளவுதான். கவிதா அப்பாவை மீற மாட்டாள். வேறு யாரையும் கட்டவும் மாட்டாள். பிடிவாதத்தில் அப்பனை உரித்து வைத்தவள்.

ஆளுக்கு அறுபத்தைந்து ரூபாய் டிக்கெட், சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர். குப்பம், பங்காருப்பேட்டை தாண்டினோம். ஒயிட்ஃபீல்டு வந்ததும் மாமா, "முப்பது வயசுக்கு மேல பந்து ஆடுறவனுக்குப் பொண்ணு குடுக்கிறதா?" என்றார்.

10.15. கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வாசல். ஈஜிபுராவுக்கு ஆட்டோக்காரர் இருநூற்று ஐம்பது கேட்டார்.

"எட்டு கிலோமீட்டருக்கா?" என்றார் மாமா.

"கிலோமீட்டருக்கு யாரு கேட்டா சார்? சிக்னலுக்குக் கேக்கறேன். ஹத்துங்க, போலாம்."

ஏறினோம். ஐம்பது நிமிடம் ஆனது. கேட்டது நியாயம்தான்.

11.20. வினோத் குடியிருக்கும் சந்து. முனையில் ஓர் இஸ்திரிக்கடை. மாப்பிள்ளை விசாரிக்க இஸ்திரிக்கடையைவிடச் சிறந்த இடம் உலகத்தில் கிடையாது. மாமா தன் சட்டையைக் கழற்றித் தேய்க்கக் கொடுத்துவிட்டு, பனியனோடு நின்றபடி பேச்சைத் தொடங்கினார். பத்து ரூபாய்.

"வினோத்தா? தங்கமான ஆளு சார்" என்றார் கடைக்காரர். "காலைல அஞ்சுக்கே ஓட ஆரம்பிச்சிடுவான். இந்த ஏரியால ஒருத்தன் ஓடுறான்னா ஒண்ணு நாய் தொரத்தணும், இல்ல போலீஸ் தொரத்தணும். இவன் சும்னே, சும்மாவே ஓடுறான்!"

"குடிப்பழக்கம்?"

"பிரியாணி சாப்பிடவே யோசிக்கிறவன் சார். எங்க குடிக்கிறது?"

மாமாவுக்கு ஏமாற்றம். குறை கிடைக்காத இன்ஸ்பெக்டரின் முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

மாலை 3.30. நகரின் நடுவில் இருக்கும் கால்பந்து மைதானம். கேலரி டிக்கெட் நூற்றைம்பது. எல்லோரும் மஞ்சள் பனியன் போட்டிருக்க, நடுவில் மாமா மட்டும் வெள்ளை வேட்டி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அவரும் மஞ்சள் பனியன்தான். பெயர் லலிதா என்றார், முறுக்கு கொடுத்தார், வினோத் யாரென்று கேட்டதும் எட்டாம் நம்பரை விரலால் காட்டினார்.

"பதினொரு சீசனா ஆடுறாரு அண்ணா. கொல்கத்தா, கோவா, கேரளா எல்லாம் சுத்திட்டு இங்க வந்தாரு. ஹார்ட் வொர்க்கர்."

"எத்தனை கோல் போட்டிருக்காரு?" என்றார் மாமா.

"மூணு. அதுல ஒண்ணு நம்ம கோல்லயே."

மாமா என்னைப் பார்த்தார். நான் முறுக்கைப் பார்த்தேன்.

நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. வினோத் மைதானத்தின் நடுவிலேயே கிடந்தான். எதிராளி காலிலிருந்து பந்தைப் பிடுங்குவான்; பிடுங்கியதும் இன்னொருவனிடம் கொடுத்துவிடுவான். மறுபடி ஓடுவான், விழுவான், எழுவான், பிடுங்குவான், கொடுப்பான்.

"கெடைக்கிறதையெல்லாம் அடுத்தவன்கிட்டயே குடுக்கிறானே, இவன் எப்படிக் குடும்பம் நடத்துவான்?" என்றார் மாமா.

இரண்டாம் பாதியில் கோல் எதிரே திறந்து கிடந்தது. வினோத் காலில் பந்து. நானே எழுந்துவிட்டேன். பாவி, அப்போதும் பக்கத்திலிருந்த பையனுக்குத் தள்ளிவிட்டான். அந்தப் பையன் வானத்தைப் பார்த்து அடித்தான். எனக்கு அழுகையே வந்தது. கவிதா கல்யாணம் கோலுக்கு மேலே பறந்து போனதைக் கண்ணால் கண்டேன்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் ஓரத்தில் ஒருவர் பலகையைத் தூக்கினார். சிவப்பு விளக்கில் எட்டு. வினோத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தான். அவன் இடத்துக்கு வேறொருவன் தயாராக நின்றான். கூட்டம் எழுந்து கைதட்டியது.

மாமாவுக்கு முகம் வெளுத்தது. "என்ன மச்சான், எல்லார் முன்னாடியும் நம்பரைக் காட்டி வேலையை விட்டே எடுக்கிறாங்க! மொதல்ல மெமோ குடுக்கணும், வெளக்கம் கேக்கணும், அதுக்கப்புறம்தானே சஸ்பென்ஷன்? இதுக்குக் கைவேற தட்டுறானுங்க!" என்றவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "யோவ்! இத்தனை பேர்ல வேலை செஞ்சது அவன் ஒருத்தன்தான்யா! அவனை ஏன்யா அனுப்புறீங்க?"

லலிதா அம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "ஐயோ அண்ணா, அது சப்ஸ்டிட்யூட்! டயர்ட் ஆயிட்டாருன்னு வேற ஆள எறக்கறாங்க. சம்பளம் எல்லாம் ஃபுல்லா வரும். நல்லா ஆடுனாருன்னுதான் கிளாப் பண்றோம்."

மாமா உட்கார்ந்தார். மடித்துக் கட்டிய வேட்டியை வெகுநேரம் இறக்கவே இல்லை. ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது.

மாலை 6.15. வீரர்கள் வெளியே வரும் வாசல். வேவு பார்த்தது போதும், நேரே கேட்டுவிடலாம் என்று மாமாவே முடிவு செய்தார். முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு நொண்டியபடி வந்த வினோத், எங்களைப் பார்த்ததும் நேராக வந்து வணக்கம் வைத்தான்.

"நீங்க வருவீங்கன்னு தெரியும் சார். இஸ்திரிக்கடை அண்ணா அப்பவே ஃபோன் பண்ணிட்டாரு. கிரவுண்ட்ல இருந்து பாத்தேன், மஞ்சளுக்கு நடுவுல உங்க வெள்ளை வேட்டி பளிச்சுனு தெரிஞ்சுது."

மாமா தொண்டையைச் செருமினார். "நாங்க எதுக்கு வந்திருக்கோம்னும் தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன்யா அந்தப் பந்தைக் குடுத்தே? நீயே அடிச்சிருக்கலாமே?"

வினோத் யோசிக்கவே இல்லை. "அவன் என்னைவிட நல்ல எடத்துல இருந்தான் சார்."

"அவன்தான் மேல அடிச்சுட்டானே?"

"அடுத்த தடவை போடுவான் சார்."

மாமா அவன் முழங்காலைப் பார்த்து, "வலிக்குதா?" என்று கேட்டார்.

இரவு 7.20, கன்டோன்மென்ட் நடைமேடை. பெங்களூரில் குளிர் இறங்கத் தொடங்கியிருந்தது. எங்கள் ஊரில் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவன் நான். பந்தியில் பக்கத்து இலைக்கு வடை முதலில் போனால் மனம் பொறுக்காதவன். பெண் கிடைப்பாளா மாட்டாளா என்று தெரியாத நேரத்தில், பெண்ணைப் பெற்றவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிடைத்ததைத் தூக்கிக் கொடுக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

மாமா அக்காவுக்கு ஃபோன் போட்டார். அக்கா குரல் எனக்கே கேட்டது. "என்னங்க ஆச்சு? பையன் கோல் போட்டாரா?"

"போடலை" என்றார் மாமா. "நீ ஜோசியரைப் பாத்து நாள் குறிச்சு வெய்யி."