நொத்தாரிசின் ஜீப்

கொழும்பில் நான்கு சில்லும் இழுக்கிற வண்டி எதுவானாலும் எங்களுக்கு அது ஜீப்தான். நான் வாங்கிய ஜீப் கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜின் பின்வளவில் பல வருடங்களாக நின்றது. நின்றது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். முன் சில்லுகள் இரண்டும் பாதிக்கு மண்ணுக்குள் இறங்கியிருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் பொனட்டின் மேல் கருவாடு காயப்போட்டிருந்தார். விலை பேசி முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, இனிக் கருவாட்டை எங்கே போடுவது என்று கேட்டார்.

ஏன் வாங்கினாய் என்று கேட்டவர்களுக்கு ஒழுங்கான பதில் சொன்னதில்லை. இங்கே சொல்லலாம். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் வீடு மனைவியின் சீதனம், அவள் பெயரில் இருக்கிறது. கார் மகள் எடுத்தது, அவள் பெயரில் இருக்கிறது. மின்சாரக் கட்டணச் சீட்டு இன்றைக்கும் காலஞ்சென்ற மாமனாரின் பெயரில் வருகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, எங்கள் ஆட்களில் பாதிப் பேரின் கதை இதுதான். ஆனால் முப்பது வருடம் படவரைஞனாக மற்றவர்களின் கட்டடங்களை வரைந்தவனுக்கு, தன் பெயர் எழுதிய ஒரு பொருளாவது வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. ஜீப்பின் பதிவுப் புத்தகத்தில் என் பெயர் ஏறும் என்று நினைத்தேன்.

இங்கே பழைய வாகனங்கள் பெரும்பாலும் ‘ஓபன் பேப்பரில்’ கைமாறும். சொந்தக்காரர் உரிமைமாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, வாங்குபவரின் இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுப்பார். வாங்கியவர் அதை அப்படியே அடுத்தவருக்குக் கொடுப்பார். என் ஜீப் அப்படி நான்கு கை மாறி வந்திருந்தது. பெயரை மாற்றிவிட்டுத் திருத்தத் தொடங்குவதுதான் புத்தி. ஆனால் யாரும் அப்படிச் செய்வதில்லை, நானும் செய்யவில்லை. ஓபன் பேப்பர் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று திருத்தும் வேலையை எடுத்த கராஜ் பாஸ் சொன்னார். எனக்கும் அது போதுமாக இருந்தது.

வேலை இரண்டு வருடம் இழுத்தது. வெள்ளவத்தைக்குக் கொண்டுவர வழியில்லை. கடற்காற்று மிச்ச இரும்பையும் தின்றுவிடும், தவிர எங்கள் மாடிவீட்டில் ஒரு காருக்குத்தான் இடம். ஆகவே சனிக்கிழமைகளில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். உடல் அலுமினியம் என்பதால் தப்பியிருந்தது, அடிச்சட்டம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. சட்டத்தை நான் அளவோடு வரைந்து கொடுத்தேன். பாஸ் அந்தத் தாள்களில் கழற்றிய நட்டுகளைச் சுற்றி வைத்துவிட்டு, கண்மட்டத்தில் வெட்டி ஒட்டினார். பிறகு நான் அளந்து பார்த்தபோது பிசகே இல்லை. கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

பிரேக் சாமான்கள் பஞ்சிகாவத்தையில் கிடைத்தன. கதவுக் கைபிடிகளுக்காக நுகேகொடையில் ஒருவரின் வீட்டுக்கு மூன்று தடவை நடந்தேன். கடைசியில் கரும்பச்சை வர்ணம் அடித்து, ஒரு சனிக்கிழமை எஞ்சினை முடுக்கியபோது கண் கலங்கிவிட்டது. புகை என்று பாஸிடம் சொன்னேன்.

அதன்பிறகே படிவத்தை மோட்டார் வாகனப் பதிவுக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். இடையில் யாரோ வாங்குபவரின் இடத்தில் தன் பெயரை எழுதி, பிறகு வெட்டியிருந்தார். அது செல்லாது, பதிவிலுள்ள சொந்தக்காரர் புதுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும், அது பழைய கையெழுத்தோடு பொருந்த வேண்டும் என்றார்கள். பொருந்தாவிட்டால் சமாதான நீதவான் முன்னிலையில் பெருவிரல் அடையாளம் வைக்கலாம் என்று அங்கிருந்த உத்தியோகத்தர் ஒருவரே வழியும் சொன்னார்.

புத்தகத்திலிருந்த விலாசம் கொட்டாஞ்சேனைதான், கராஜிலிருந்து ஐந்து நிமிட நடை. சொந்தக்காரர் உயிரோடு இருந்தார். புதுக்கடை நீதிமன்றப் பக்கம் நாற்பது வருடம் காணி உறுதி எழுதும் நொத்தாரிசாக இருந்தவர். காணி பார்க்கப் போகத்தான் ஜீப்பை வைத்திருந்தாராம். மற்றவர்களின் உறுதிகளில் ஒரு புள்ளி பிசகவிடாத மனிதர், தன் ஜீப்பை வெற்றுப் படிவத்தில் விற்றிருந்தார். அதைச் சொல்லி அவரே சிரித்தார். பிறகு புதுப் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போடப் போனார். அப்போதுதான் கையைப் பார்த்தேன். நடுக்க வருத்தம். பேனை தாளைத் தொட்ட இடத்தில் சிலந்தி நடந்த மாதிரி ஒரு கோடு விழுந்தது.

என்னிடம் இன்னும் இரண்டு படிவங்கள் இருந்தன. மை ஒற்றும் பெட்டியும் இருந்தது. இப்படி ஏதும் வந்தால் உதவுமே என்று காலையில் வெள்ளவத்தையில் வாங்கிப் பையில் போட்டிருந்தேன். யோசிக்காமல் அதை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மோசமான காரியங்களில் அதுவும் ஒன்று. எழுதத் தெரியாத எத்தனையோ பேரின் விரலைப் பிடித்து உறுதியில் பதிய வைத்தவருக்கு முன்னால், ஒரு கைநாட்டுப் பெட்டியை வைத்திருக்கிறேன். அவர் அதைப் பார்த்தார். முகத்தில் கோபம் வரவில்லை.

“ஒரு மாதம் தாங்கோ, தம்பி,” என்றார். “கையெழுத்துப் போட்டே தருவன்.”

ஒரு மாதம் மூன்று மாதமாயிற்று. ஜீப் கராஜில் பளபளவென்று நின்றது. பதிவுக்காரர் நினைத்தால், அல்லது அவருக்கு ஏதும் ஆகி வாரிசுகள் நினைத்தால், அதைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று தெரிந்தவர்கள் பயமுறுத்தினார்கள். பிறகு அவருடைய மகள் தொலைபேசியில் கூப்பிட்டார். தகப்பனோடு இருந்து அவரைப் பார்ப்பவர் அவர்தான். அப்பா விடிந்தால் பொழுதுபட்டால் கொப்பியும் பேனையுமாக இருக்கிறார், சாப்பிடக் கூப்பிட்டாலும் எழும்புவதில்லை என்றார். பிறகு குரலைத் தணித்தார்.

“மத்தியானம் சாப்பிட்டிட்டு நல்லா நித்திரை கொள்ளுவார், அண்ணா. அந்த நேரம் பெட்டியோட வாங்கோ. விரலை நான் பிடிச்சுத் தாறன். சமாதான நீதவான் எங்கட ஒழுங்கையிலதான், நான் கதைச்சிட்டன்.”

நல்ல மனிதனாக இருந்தால் அப்போதே மறுத்திருப்பேன். நான் அடுத்த நாளே போனேன்.

அவர் மல்லாந்து படுத்திருந்தார். மகள் படிவத்தை ஒரு புத்தகத்தின் மேல் வைத்து விரித்தார். நான் பெட்டியின் மூடியைத் திறந்தேன். மகள் தகப்பனின் வலது கையை மெதுவாக எடுத்து எனக்குப் பக்கமாகத் திருப்பினார். நித்திரையில் அந்தக் கை நடுங்கவேயில்லை. மகளின் உள்ளங்கையில் அசையாமல் கிடந்தது. பேனையைக் கொடுத்தால் எழுதிவிடும் போலிருந்தது.

தலையணைக்குப் பக்கத்தில் கொப்பி திறந்திருந்தது. பக்கம் முழுவதும் அவருடைய கையெழுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவரே சிறிதாக ஒரு பிழை அடையாளம் போட்டிருந்தார். மற்றவர்களின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த கண், தன்னுடையதை ஏற்கவில்லை. கடைசிக்கு முதல் வரியில் ஒன்றுக்கு மட்டும் பிழை போடாமல் கேள்விக்குறி போட்டிருந்தார்.

அரை நிமிடம் யோசித்தேன் என்று நினைக்கிறேன். இரண்டு வருடச் சனிக்கிழமைகளும் கண்முன் வந்தன. பிறகு பெட்டியை மூடினேன். வெட்கமாக இருந்தது. மகள் அந்தக் கையைத் திரும்ப அவர் நெஞ்சின் மேல் வைத்தார். அந்த அசைவில் அவர் விழித்துவிட்டார். கை உடனே நடுங்கத் தொடங்கியது.

என்ன விஷயம் என்று கேட்டார். ஜீப் திருத்தி முடிந்துவிட்டது, காட்ட வந்தேன் என்றேன்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ஏற்றிக்கொண்டு போகிறேன். பெயர் மாறவில்லை. புதுப் படிவம் அவருடைய கொப்பிக்குள் மடித்தபடி இருக்கிறது, அவர் இன்னும் பழகுகிறார். முதல் நாள் ஏறி உட்கார்ந்ததும் மூக்கைச் சுருக்கி, கருவாட்டு மணம் வருகிறதே என்றார். வர்ணத்துக்குக் கீழே அது இன்னும் இருக்கிறது, வெயில் ஏறினால் வெளியே வரும்.

போன மாதம் பேலியகொடைப் பக்கம் போய்த் திரும்பும்போது பொலிஸ் மறித்தது. பழைய ஜீப் என்றால் சும்மா பார்ப்பதற்கும் மறிப்பார்கள். இளம் உத்தியோகத்தர் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, வாகனம் யாருடையது என்று சிங்களத்தில் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

“மகே,” என்றார் பக்கத்து ஆசனத்திலிருந்த நொத்தாரிசு. என்னுடையது. இவர் எனக்காக ஓட்டுகிறார் என்றும் நல்ல சிங்களத்தில் சேர்த்துக்கொண்டார்.

சுருக்கென்றது. வெட்டி ஒட்டிய சட்டமும் நுகேகொடைக் கைபிடிகளும் நாக்கு நுனி வரை வந்தன. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை, புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னார். உத்தியோகத்தர் என்னைத் தாண்டிக் கையை நீட்டி, புத்தகத்தை அவரிடம் கொடுத்தார். நடுக்கத்தில் அது நழுவப் பார்த்தது. இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் முன்கண்ணாடி வழியே வீதியைப் பார்த்தார். மாதக்கணக்காகக் கொப்பியில் தேடிய எதுவோ அகப்பட்டுவிட்ட முகம்.

“போவம்,” என்றார்.

“சரி, சேர்,” என்று சொல்லிக் கியரைப் போட்டேன்.